பாயிலிருந்து பிள்ளை எப்படி எழுகிறான்?

திருக்கோணேஸ்வரத்துக்கு ஏறும் வழியில் நாலு வயதுப் பையன் பாதியிலேயே "தூக்குங்கோ" என்று நின்றால், அது பெரும்பாலும் வெறும் களைப்புத்தான். ஆனால் வீட்டில் பாயிலிருந்து எழும்போது அவன் கைகளைத் தரையில் ஊன்றி, பிறகு முழங்காலையும் தொடையையும் பிடித்துத் தன் உடம்பின்மீதே ஏறுவதுபோல நிமிர்கிறானா என்று பாருங்கள். 1879இல் பிரித்தானிய மருத்துவர் வில்லியம் கோவர்ஸ் விவரித்த அறிகுறி இது. இடுப்புத் தசைகள் தளர்வதையே இது காட்டுகிறது. டுஷேன் தசைநலிவு நோயின் முதற்குறி பலரிடம் இதுதான்.

தசை நார் சுருங்கும்போதெல்லாம் அதன் மென்சவ்வு இழுபடும். அந்த இழுவையைத் தாங்குவது டிஸ்ட்ரோபின் என்ற புரதம். அது இல்லாத பிள்ளைக்கு ஓடுவதும் படியிறங்குவதும்கூடச் சவ்வைக் கிழிக்கின்றன. நார்கள் மடிய, அந்த இடத்தைக் கொழுப்பும் தழும்பும் பிடிக்கின்றன. கெண்டைக்கால் பருத்துத் தெரிவதைப் பார்த்து "நல்ல உடம்பு" என்று மகிழ்பவர்களும் உண்டு.

கிழிந்த தசையிலிருந்து கிரியாட்டின் கைனேஸ் என்ற நொதி குருதியில் கசியும். அளவு இயல்பைப்போல் பல பத்து மடங்கு, சிலவேளை நூறு மடங்குக்கும் மேல் ஏறும். ஈரல் சோதனையில் பார்க்கும் எஸ்.ஜி.பி.டி., எஸ்.ஜி.ஓ.டி. என்ற நொதிகளும் இப்பிள்ளைகளில் தசையிலிருந்தே வெளியேறும். அவற்றை மட்டும் பார்த்துவிட்டு ஈரலில் கோளாறு தேடிக்கொண்டிருந்தால் அருமையான மாதங்கள் வீணாகும். நடை பிந்திய பையனுக்குக் காரணம் தெரியாமல் இவை உயர்ந்திருந்தால், கிரியாட்டின் கைனேஸையும் பார்க்கும்படி பெற்றோர் தயங்காமல் கேட்கலாம்.

அடுத்தது மரபணுச் சோதனை. டிஸ்ட்ரோபின் மரபணு எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருப்பதால் நோய் பெரும்பாலும் ஆண்பிள்ளைகளுக்கே வருகிறது. ஏறத்தாழ மூன்றில் ஒருவரிடம் பிறழ்வு புதிதாகவே தோன்றுகிறது. தாயிடமிருந்து வந்தாலும் அது அவள் குற்றமே அல்ல.

முற்றாகக் குணப்படுத்தும் மருந்து இன்னும் இல்லை. ஆனாலும் செய்ய நிறைய இருக்கிறது. பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீரொய்டு மருந்து நடக்கும் காலத்தைச் சில ஆண்டுகள் நீட்டுகிறது; அதைத் திடீரென நிறுத்தினால் உயிராபத்து. இயன்மருத்துவர் காட்டித்தரும் குதிநாண் நீட்டற்பயிற்சி தினமும் வேண்டும். இதயத்தை ஆண்டுதோறும் எக்கோ என்ற ஒலியலைச் சோதனையில் பார்க்க வேண்டும். எந்தச் சத்திரசிகிச்சைக்கு முன்பும் மயக்கமருந்து வைத்தியரிடம் நோயைச் சொல்லியே ஆகவேண்டும். மயக்கத்தின்போது தசையைத் தளர்த்தக் கொடுக்கும் சக்ஸமெத்தோனியம் என்ற மருந்து இப்பிள்ளைகளின் இதயத்தை நிறுத்திவிடக்கூடும். இதைக் கிளினிக் கொப்பியின் முன்பக்கத்திலேயே எழுதுவித்துக்கொள்ளுங்கள்.

பிறழ்வைத் தாங்கும் தாய்க்கும் இதயத்தசை நலியலாம். பிள்ளையைக் கொண்டு அலையும் அவளுக்கும் ஒரு எக்கோ எடுக்க வேண்டும்.