கைத்தடி எந்தக் கையில்?

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மாலை வண்டிப் போக்குவரத்தை நிறுத்திய பிறகு நடக்க வரும் பெரியவர்களில் சிலர், மழைக்கான அறிகுறியே இல்லாவிட்டாலும் கையில் குடையோடு வருவார்கள். தடி பிடித்தால் "அதுக்குள்ள கோல் ஊன ஆரம்பிச்சிட்டீங்களா?" என்று நாலு பேர் கேட்பார்களே, அந்தக் கூச்சம். குடை நுனியில் ரப்பர் கிடையாது, கல்தரையில் வழுக்கும். உயரமும் சரியாக அமையாது. கௌரவத்துக்காக இடுப்பெலும்பைப் பணயம் வைப்பது கொஞ்சம் அதிகம்தான்.

தடியை எடுத்தவர்களிலும் பலர் வலிக்கிற கால் பக்கமே பிடிக்கிறார்கள். பிடிக்க வேண்டியது எதிர்க் கையில்.

நடக்கும்போது ஒவ்வொரு அடியிலும் ஒரு கணம் ஒற்றைக்காலில்தான் நிற்கிறோம். 60 கிலோ ஆள் என்று வைத்துக்கொள்வோம். ஊன்றிய காலைக் கழித்தால் மீதி உடம்பு சுமார் 50 கிலோ. அந்த எடை இடுப்பு மூட்டுக்கு உள்பக்கமாக ஏறக்குறைய 10 செ.மீ. தள்ளி இறங்குகிறது. உடம்பு சரிந்துவிடாமல் இழுத்துப் பிடிப்பது இடுப்பின் வெளிப்பக்கத் தசை. அதற்குக் கிடைத்திருப்பதோ 5 செ.மீ. தூரம்தான். சீசா பலகையில் குட்டைப் பக்கம் மாட்டிக்கொண்டவன் நிலைமை: தூரம் பாதி, ஆகவே பலம் இரட்டிப்பு. தசை 100 கிலோ இழுக்க, மூட்டு 150 கிலோ தாங்குகிறது.

இப்போது எதிர்க் கையில் தடி. மூட்டிலிருந்து சுமார் 40 செ.மீ. தள்ளி ஊன்றுகிறது. அவ்வளவு தூரத்தில் 5 கிலோ அழுத்தினாலே தசையின் வேலை 60 கிலோவாகவும் மூட்டின் சுமை 105 கிலோவாகவும் இறங்கிவிடும். தோராயக் கணக்குதான், ஆனால் விஷயம் இதுதான். வலிக்கிற பக்கமே பிடித்தால் இந்த லாபம் கிடைக்காது; உடம்பைத் தடிமேல் சாய்த்துச் சாய்த்து நடக்க வேண்டியதுதான்.

"தடி பழகினால் கால் சோம்பிப் போகும்" என்பார்கள். மேலே உள்ள கணக்கிலேயே பதில் இருக்கிறது: தசை இன்னும் 60 கிலோ இழுத்துக்கொண்டிருக்கிறது. கால் சதை கரைவது வலிக்குப் பயந்து வீட்டோடு உட்கார்ந்துவிடுவதால்.

அப்புறம், தடி தாங்க மட்டுமல்ல. அசையாத பொருளை விரல்நுனியால் 100 கிராமுக்கும் குறைந்த அழுத்தத்தில் தொட்டாலே, நிற்கும்போது உடம்பின் ஆட்டம் குறைவதைச் சோதனைகளில் கண்டிருக்கிறார்கள். எந்தப் பக்கம் சாய்கிறோம் என்ற தகவல் கை வழியாகவும் மூளைக்குப் போகிறது.

வாங்கும்போது செருப்போடு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிடுங்கள். பிடி மணிக்கட்டு மடிப்பின் உயரத்தில் இருக்க வேண்டும். அடியில் உள்ள ரப்பர் புஷ்ஷின் வரிகள் தேய்ந்தால் மாற்றிவிடுங்கள். படி ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது தடியும் வலிக்கிற காலும் முதலில்.