ரிவெட்டும் பெட்ரோலும்: வீட்டில் கட்டும் விமானம்

வீட்டு கராஜில் கட்டிய விமானம் என்றதும் எல்லோருக்கும் முதலில் வரும் பயம், பறக்கும்போது இறக்கை பிய்ந்துகொண்டு போய்விடுமோ என்பதுதான். ஆனால் அமெரிக்காவில் விமான விபத்துகளை ஆராயும் என்.டி.எஸ்.பி. 2012இல் இவ்வகை விமானங்களைப் பற்றி வெளியிட்ட ஆய்வு வேறு இரண்டு காரணங்களைத்தான் முன்னால் வைத்தது. ஒன்று, எஞ்சின் சக்தி போவது. இன்னொன்று, விமானி கட்டுப்பாட்டை இழப்பது. அதுவும் விமானம் பறக்கத் தொடங்கிய ஆரம்ப மணி நேரங்களில்தான் ஆபத்து கூடுதல். தகடும், தகடுகளைப் பிணைக்கும் ஆணியான ரிவெட்டும் பெரும்பாலும் சொன்ன வேலையைச் செய்துவிடுகின்றன. காலை வாருவது எரிபொருள் குழாயும் அவசரமும்தான்.

அமெரிக்க விமானத் துறையான எஃப்.ஏ.ஏ.வின் விதிப்படி, வேலையில் பெரும்பகுதியைத் தொழிலாக இல்லாமல் கற்பதற்காகவோ பொழுதுபோக்காகவோ ஒருவர் செய்திருந்தால் அந்த விமானத்துக்குப் ‘பரிசோதனை’ வகைச் சான்றிதழ் கிடைக்கும். இதையே ‘51 சதவீத விதி’ என்பார்கள். எஞ்சினையும் மீட்டர்களையும் கடையில் வாங்கலாம். கூலி கொடுத்துக் கட்டவைத்த பகுதி கணக்கில் சேராது. ஆகவே ஒவ்வொரு கட்டத்தையும் படம் பிடித்துக் குறிப்பேட்டில் எழுதி வைப்பது சோதனை அதிகாரிக்கு வேண்டிய சான்று.

வீட்டில் கட்டும் விமானங்களில் அதிகம் பறப்பவை, ஓரிகன் மாநிலத்தின் வான்ஸ் நிறுவனம் பாகங்களாகப் பெட்டியில் தரும் ஆர்.வி. வகை விமானங்கள். ரிச்சர்ட் வான்கிரன்ஸ்வென் 1973இல் தொடங்கிய நிறுவனம் இது. ஆர்.வி-7ஐ எடுத்துக்கொள்வோம். இருவர் பக்கத்தில் பக்கமாக உட்காரலாம். இறக்கையின் முழு அகலம் 25 அடி, உச்ச எடை 816 கிலோ. எல்லாம் அலுமினியத் தகடு. பெட்டியில் வரும் தகடுகளில் துளைகள் முன்பே போட்டிருந்தாலும் கட்டி முடிக்க 1,500 முதல் 2,000 மணி நேரம் பிடிக்கும். அதில் பெரும்பங்கு துளைகளுக்கும் ரிவெட்டுகளுக்கும் போய்விடும்.

ஏன் வெல்டிங் செய்வதில்லை? 2024-டி3 என்ற இந்த அலுமினியக் கலவையின் வலு, சூடாக்கிக் குளிரவைத்த பதப்படுத்தலால் வந்தது. வெல்டிங் சூடு பட்டால் அந்தப் பதம் போய்விடும். ஆகவே ரிவெட். தகடு, இறக்கைக்கு வடிவம் தரும் விலா, நீளவாக்கில் தாங்கும் ஸ்பார் எல்லாவற்றையும் ஒன்றாக வைத்து, தையற்காரர் குண்டூசி குத்துவதுபோல ‘க்ளீகோ’ என்ற ஸ்பிரிங் பிடிப்பான்களால் துளைதோறும் பிடித்துக்கொள்ள வேண்டும். 2.4 மி.மீ. துளைக்கு வெள்ளி நிறக் க்ளீகோ, 3.2 மி.மீ. துளைக்குச் செம்பு நிறம். துளைகளை இறுதி அளவுக்கு ட்ரில் செய்த பிறகு எல்லாவற்றையும் மறுபடி பிரிக்க வேண்டும். புதியவர்களுக்கு எரிச்சல் வருவது இங்கேதான். பிரிக்காமல் விட்டால் தகடுகளுக்கு இடையில் சிக்கிய உலோகச் சீவல் அப்படியே இருந்துவிடும், துளை விளிம்பின் பிசிறும் போகாது. பிசிறு வெறும் அழகுப் பிரச்சினை இல்லை. விரிசல் தொடங்கும் இடமே அதுதான். இறக்கை ஒவ்வொரு முறை வளையும்போதும் துளையைச் சுற்றி இழுவிசை குவிகிறது. விளிம்பில் ஒரு சின்னக் கீறல் இருந்தால் அங்கிருந்து தகடு கிழியத் தொடங்கும். 2023இல் வான்ஸ் அனுப்பிய பாகங்கள் சிலவற்றில் லேசரால் வெட்டிய துளைகள், ரிவெட் தலை படிவதற்கான குழியை அழுத்தும்போது விளிம்பில் விரிசல் விட்டதாகப் புகார்கள் எழுந்தன. பாகங்களை மாற்றித் தரும் சுமையும் சேர்ந்து அந்த ஆண்டு டிசம்பரில் நிறுவனம் திவால் பாதுகாப்பு கோரும் நிலைக்கு வந்தது. துளை விளிம்பு அவ்வளவு பெரிய விஷயம்.

ரிவெட்டின் தலை தகட்டோடு சமமாகப் படிய, துளையைச் சுற்றிக் கூம்பாக ஒரு குழி வேண்டும். 0.8 மி.மீ.க்கு மெல்லிய தகட்டை ட்ரில் முனையால் கூம்பாகக் குடைந்தால் துளை பெரிதாகி விளிம்பு கத்திபோலாகிவிடும். ஆகவே அச்சு வைத்து அழுத்திக் குழியாக்குகிறார்கள். இரண்டு தகட்டுக் குழிகளும் ஒன்றுக்குள் ஒன்று உட்கார்ந்துகொள்வதால் பக்கவாட்டு இழுவையில் ரிவெட்டோடு அந்தக் குழிகளும் சுமையைப் பங்கிட்டுக்கொள்கின்றன.

பிறகு அடிப்பது. ஒரு பக்கம் காற்றுத் துப்பாக்கி, மறுபக்கம் பக்கிங் பார் என்ற கனமான உலோகக் கட்டை. 2.4 மி.மீ. ரிவெட்டின் வால் நசுங்கி 3.6 மி.மீ. அகலமும் 1.2 மி.மீ. உயரமும் ஆக வேண்டும்: விட்டத்தின் ஒன்றரை மடங்கு, அரை மடங்கு. நசுங்கும்போது ரிவெட்டின் தண்டும் பருத்துத் துளையை முழுதாக நிரப்புகிறது. இணைப்பு உறுதியாவது அதனால்தான். கட்டை சாய்ந்தால் வால் ஒரு பக்கமாகப் படுத்துவிடும். தகடுகள் நெருங்காமல் அடித்தால் ரிவெட் அந்த இடைவெளியில் பிதுங்கிக்கொள்ளும். தயங்கித் தயங்கி நெடுநேரம் தட்டினால் உலோகம் இறுகி வெடிக்கும். தப்பான ரிவெட்டைக் கழற்ற, தலையின் நடுவில் தலையின் ஆழத்துக்கு மட்டும் ட்ரில் செய்து, பன்ச்சால் தலையைச் சாய்த்து உடைத்து, தண்டைத் தட்டி வெளியேற்ற வேண்டும். ஆனால் கொஞ்சம் கோணலான ரிவெட்டை அப்படியே விடுவதே பல நேரம் நல்லது. கழற்றும் முயற்சியில் துளை முட்டைபோல் நீண்டுவிட்டால் நஷ்டம் பெரிது.

இப்போது உண்மையான ஆபத்துக்கு வருவோம்.

ஆர்.வி-7இன் பெட்ரோல் டேங்க் இறக்கையின் முன்விளிம்பேதான். இரண்டிலும் சேர்த்து 159 லிட்டர். ரிவெட் அடிக்கும் ஒவ்வொரு இணைப்பிலும் இருபகுதி பாலிசல்பைடு பசையை எடைக்கு 10:1 என்ற விகிதத்தில் கலந்து பூச வேண்டும். நாற்றம் கையை விட்டுப் போக நாளாகும். கசிவு பார்க்க டேங்கில் லேசாகக் காற்று ஏற்றி, இணைப்புகளில் சோப்பு நீர் தடவுவார்கள். அப்போது ஒரு வாயில் சாதாரண ரப்பர் பலூனைக் கட்டி வைப்பது விளையாட்டுக்காக இல்லை. சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டு அழுத்தம் என்பது அரை சதுர மீட்டர் தகட்டின்மேல் சுமார் 350 கிலோ பாரம். கம்ப்ரசர் கொஞ்சம் மிஞ்சினாலும் டேங்க் உப்பிப் பாழாகும். அதற்கு முன் பலூன் பெரிதாகிக் காட்டிக்கொடுக்கும்.

ஆர்.வி-7போல இறக்கை கீழே இருக்கும் விமானத்தில் பெட்ரோலை பம்ப்தான் உறிஞ்சுகிறது. ஆகவே எரிபொருள் வால்வில் ‘இடது’, ‘வலது’ மட்டுமே இருக்கும், ‘இரண்டும்’ இருக்காது. இரண்டும் திறந்திருந்து ஒரு டேங்க் காலியானால், பம்ப் பெட்ரோலை விட்டுவிட்டுக் காற்றை உறிஞ்சத் தொடங்கிவிடும். இறக்கை மேலே இருக்கும் விமானத்தில் புவியீர்ப்பே பெட்ரோலை இறக்குவதால் அங்கே இந்தத் தொல்லை இல்லை.

குழாய் இணைப்புகளில் டெஃப்லான் நாடா சுற்றவே கூடாது. அதன் நூலிழை பிய்ந்து போய் கார்புரேட்டர் வடிகட்டியை அடைக்கும். டேங்கின் காற்றுத் துளையில் குளவி கூடு கட்டினால் உள்ளே வெற்றிடமாகி ஓட்டம் நின்றுவிடும். புகைக்குழாய்க்குப் பக்கத்தில் போகும் குழாயில் பெட்ரோல் ஆவியாகிக் குமிழ் அடைத்துக்கொள்ளும். அங்கே வெப்பம் தாங்கும் உறை வேண்டும்.

இவை எல்லாம் சரியா என்று காட்டும் எளிய சோதனை ஒன்று உண்டு. ஏறும்போது இருக்கும் கோணத்துக்கு மூக்கைத் தூக்கி நிறுத்தி, கார்புரேட்டரில் நுழையும் குழாயைக் கழற்றி, பம்பைப் போட்டு ஒரு கேனில் பிடித்து அளக்க வேண்டும். பம்ப் உள்ள அமைப்பில் எஞ்சினின் உச்சத் தேவையைவிட 25 சதவீதம் கூடுதலாக வர வேண்டும். புவியீர்ப்பில் இறங்குவதானால் 50 சதவீதம் கூடுதல். முழு வேகத்தில் மணிக்கு 60 லிட்டர் குடிக்கும் எஞ்சினுக்கு நிமிடத்துக்கு 1.25 லிட்டர். சமதளத்தில் நிறுத்தி அளந்து திருப்திப்பட்டால் சோதனையே வீண்.

அடுத்தது எடை. மூன்று சக்கரங்களின் கீழும் தராசு வைக்க வேண்டும். உதாரணத்துக்கு, பெரிய சக்கரங்களில் தலா 190 கிலோ, மூக்குச் சக்கரத்தில் 120 கிலோ. ஒரு குறிப்புக் கோட்டிலிருந்து அவற்றின் தூரம் 2.30 மீட்டரும் 0.90 மீட்டரும். எடையைத் தூரத்தால் பெருக்கிக் கூட்டினால் 982, மொத்த எடையான 500ஆல் வகுத்தால் எடை மையம் 1.96 மீட்டர். இனி 80 கிலோ விமானி 2.45இல், 80 கிலோ பெட்ரோல் 2.03இல், 30 கிலோ பை 3.20இல் என்று ஏற்றுங்கள்: மையம் 2.08க்குப் போகிறது. பெட்ரோல் அந்த மையத்துக்கு முன்னால் இருப்பதால், அது தீரத் தீர மையம் இன்னும் பின்னால் நகரும். புறப்படும்போது எல்லைக்குள் இருந்த விமானம் இறங்கும்போது எல்லை தாண்டலாம். பின்பாரம் கூடினால் விமானி பிடிக்கும் ஸ்டிக் மெத்தென்று இளகி, மூக்கு தானாகத் திரும்பி வராது. ஸ்டாலிலிருந்து, அதாவது வேகம் குறைந்து இறக்கை தூக்கும் சக்தியை இழக்கும் நிலையிலிருந்து, மீள்வதும் கடினம். புறப்படும்போதும் இறங்கும்போதும் என்று இரண்டு கணக்கும் போடாமல் பையை ஏற்றக் கூடாது.

முதல் பறத்தலில் ஒரு முரண்பாடு உண்டு. கட்டியவருக்கு ஓடுதளத்தில் பலமுறை ஓட்டிப் பார்க்க ஆசை. ஆனால் புது எஞ்சினின் பிஸ்டன் ரிங்குகள் சிலிண்டரோடு படிய 65 முதல் 75 சதவீத சக்தி வேண்டும். தரையில் குறைந்த வேகத்தில் நெடுநேரம் ஓட்டினால் சிலிண்டர் சுவரில் எண்ணெய் கருகிக் கண்ணாடிபோல் பளபளத்துவிடும். அதன்பின் ரிங் படியாது, எஞ்சின் எண்ணெய் குடித்துக்கொண்டே இருக்கும். காற்றால் குளிரும் எஞ்சினாதலால் தரையில் சூடும் ஏறும். ஆகவே பிரேக்கும் திசைதிருப்பலும் பார்க்கும் அளவுக்கு மட்டும் தரை ஓட்டம் போதும்.

காற்றடங்கிய காலையில், நீண்ட ஓடுதளத்தில், தனி ஆளாக. ஏறும் முன் ஸ்டிக்கைக் கட்டைவிரல் மேலே நிற்கும்படி பிடித்து இடப்பக்கம் தள்ளிப் பாருங்கள்: விரல் சாயும் பக்கத்து ஏலரான் (இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பலகை) மேலே எழ வேண்டும். கம்பியை மாற்றிப் பூட்டிய விமானங்கள் பறக்கப் போய் விழுந்ததுண்டு. கிளம்பியதும் எஞ்சின் நின்றால் மூக்கைத் தாழ்த்தி நேர் எதிரே இறங்க வேண்டும். ஓடுதளத்துக்குத் திரும்பும் ஆசையைத்தான் அடக்க வேண்டும். 45 டிகிரி சாய்வில் ஸ்டால் வேகம் 19 சதவீதம் கூடும்: மணிக்கு 93 கிலோமீட்டராக இருந்தது 111 ஆகிவிடும். எஞ்சின் நிற்காத வரை விமான நிலையத்தின் தலைக்குமேல் உயரத்தில் வட்டமடித்து, சிலிண்டர் தலையின் சூட்டைப் பார்த்துக்கொண்டிருப்பதே வேலை.

அதன்பின் 40 மணி நேரச் சோதனைக் காலம். சான்றிதழ் பெற்ற எஞ்சினும் அதற்குப் பொருந்தும் ப்ரொப்பெல்லரும் இருந்தால் 25 மணி. போதிய உயரத்தில் ஸ்டால், ஏறும் வேகம், எரிபொருள் செலவு எல்லாம் அளக்கப்படும். வேகமானி பொய் சொல்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். ஆர்.வி. விமானங்களில் வேகமானிக்கும் உயரமானிக்கும் வேண்டிய வெளிக்காற்றின் அழுத்தத்தை எடுக்கும் துளை, சற்றே புடைத்த ஒரு பாப் ரிவெட்டின் நடுவில் இருக்கும். மலிவாகத் தெரிகிறதே என்று சமதளமான அழகிய பாகம் பொருத்தியவர்களுக்கு வேகமும் உயரமும் தப்பாகக் காட்டின. அந்தச் சின்னப் புடைப்பு காற்றோட்டத்தைத் திருத்தி அழுத்தத்தைச் சரியாக்கிக்கொண்டிருந்தது. நான்கு திசைகளில் ஒரே வேகத்தில் பறந்து ஜி.பி.எஸ். வேகங்களின் சராசரி எடுத்தால் காற்றின் பங்கு ஏறக்குறைய கழிந்து, பிழை தெரியும்.

பெயிண்ட் வேலையைச் சிலர் இதற்கெல்லாம் பிறகு செய்வார்கள். அப்படியானால் எடை மையத்தை மறுபடி எடுக்க வேண்டும். மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகைகளான எலிவேட்டர்களையும் ஏலரான்களையும் கழற்றி, கீலைச் சுற்றிய சமநிலையையும் பார்க்க வேண்டும். கீலுக்குப் பின்னால் ஏறிய பெயிண்டின் எடை கொஞ்சம்தான், ஆனால் வேகம் கூடும்போது அந்தப் பலகை படபடத்து அதிர ஆரம்பிக்க அது போதும். அந்த அதிர்வு நொடிகளில் வாலையே உடைத்துவிடக்கூடியது.