மண்டும் அயலினம்: ஒரு சொல் விளக்கம்

"பவளப்பாறைகளை ஆக்கிரமித்த சிங்கமீன்கள்: அழிக்கும் பணியில் முக்குளிப்பு வீரர்கள்." அட்லாண்டிக் கடல் பற்றிய செய்தி தமிழுக்கு வரும்போதெல்லாம் தலைப்பு ஏறக்குறைய இப்படித்தான் அமைகிறது. உள்ளே போனால் 'ஆக்கிரமிப்பு மீன்', 'ஆக்கிரமிப்பு இனம்' என்று பத்திக்குப் பத்தி. மதுரைப் பக்கத்தில் ஆக்கிரமிப்பு என்றால் என்னவென்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நடைபாதையை மறித்த கடை, கண்மாய்க்குள் எழும்பிய சுவர், வாய்க்கால் மேல் போட்ட கொட்டகை. ஜேசிபி வந்தால் ஒரு காலைப்பொழுதில் முடிகிற காரியம். அந்தப் பழக்கத்தோடு செய்தியைப் படிப்பவருக்கு, மீன் வந்து பாறையில் இடம் பிடித்தது, ஆட்கள் இறங்கி அப்புறப்படுத்தினார்கள், விவகாரம் தீர்ந்தது என்றுதான் படும். கடலுக்குள் நடப்பதோ வேறு.

ஆங்கிலத்தில் 'இன்வேசிவ் ஸ்பீசிஸ்' (invasive species) என்பதைத்தான் 'ஆக்கிரமிப்பு இனம்' என்று பெயர்க்கிறார்கள். மூலச்சொல் 'இன்வேசிவ்'. லத்தீனில் 'இன்' என்றால் உள்ளே, 'வாதேரே' என்றால் செல்லுதல். போர்க்களத்துச் சொல்லான இது, இங்கிலாந்துச் சூழலியலாளர் சார்லஸ் எல்ட்டன் 1958ல் எழுதிய நூலுக்குப் பின் உயிரியலில் வேரூன்றியது. வடமொழி 'ஆக்ரம' என்பதற்கும் அடியெடுத்து வைத்தல், மேலேறுதல் என்றே பொருள். இரண்டும் கால் வைப்பதைச் சொல்வதால் அகராதிக் கணக்கில் பெயர்ப்பு சரிதான். பிழை அகராதியில் இல்லை. இன்றைய வழக்கில் இருக்கிறது.

ஓர் உயிரினத்தை இந்தப் பெயரால் அழைக்க மூன்று நிபந்தனைகள் கூட வேண்டும். ஒன்று, மனிதர் கைபட்டு, தன் இயற்கை எல்லைக்கு வெளியே வந்திருக்க வேண்டும். இரண்டு, வந்த இடத்தில் தானாக இனம்பெருக்கிப் பரவ வேண்டும். மூன்று, அங்குள்ள உயிர்களுக்குக் கேடு செய்ய வேண்டும். மிளகாயும் தக்காளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. முதல் நிபந்தனையோடு நின்றுவிட்டன. நம் கண்மாய்களில் குத்தகைக்கு எடுத்து வளர்க்கும் கட்லாவும் ரோகுவும் வடக்கே கங்கைப் பக்கத்து மீன்கள். ஆண்டுதோறும் குஞ்சு வாங்கி விட்டால்தான் கண்மாயில் உண்டு. 1952ல் இந்தியாவுக்கு வந்த ஜிலேபி மீனுக்கோ யாரும் குஞ்சு விட வேண்டியதில்லை. தாய் வாய்க்குள்ளேயே முட்டையை வைத்துப் பொரித்துக் காக்கும். ஒருமுறை நுழைந்த நீர்நிலையை அது விடுவதில்லை. மூன்று நிபந்தனையும் அதற்குப் பொருந்தும்.

இதில் எதையாவது 'ஆக்கிரமிப்பு' சொல்கிறதா? அயலிலிருந்து வந்ததைச் சொல்லவில்லை. உள்ளூர்க்காரரும் ஆக்கிரமிக்கலாம், பெரும்பாலும் உள்ளூர்க்காரர்தான் ஆக்கிரமிக்கிறார். பெருகுவதைச் சொல்லவில்லை. கொட்டகை குட்டி போடாது. கேட்டைச் சொல்கிறது என்றாலும், அது இடத்தைப் பறித்த கேடு. சிங்கமீன் யாருடைய இடத்தையும் பறிக்கவில்லை, குஞ்சுகளைத் தின்கிறது. பஹாமாஸ் கடலில் சிறு பாறைத்திட்டுகளை வைத்துச் செய்த ஆய்வில், ஒரே ஒரு சிங்கமீன் இருந்த திட்டுகளில் புதிதாக வந்து சேரும் பிற மீன்குஞ்சுகள் ஐந்தே வாரத்தில் சராசரியாக 79 விழுக்காடு குறைந்தன. பாறை அப்படியே இருந்தது, அதன் மேல் தளிர்க்க வேண்டிய மீன்கூட்டம் போய்விட்டது.

சொல் பிழைத்தால் வேலை எப்படிப் பிழையாகப் புரிகிறது என்பதற்கு முக்குளிப்போர் செய்வதையே பார்க்கலாம். 1985ல் ஃபுளோரிடாக் கரையருகே முதலில் தென்பட்டது இம்மீன். வளர்ப்புத் தொட்டியிலிருந்து கடலில் விடப்பட்டிருக்கும் என்பதே பெரும்பாலோர் முடிவு. 2004ல் பஹாமாஸ், பிறகு கரீபியக் கடல் முழுவதும். வலைக்கும் தூண்டிலுக்கும் எளிதில் சிக்காது என்பதால் ஆளே இறங்கிக் குத்த வேண்டும். கையில் மூன்று முனை கொண்ட குட்டை ஈட்டி, பின்னால் ரப்பர் பட்டை. மீன் விரைந்து ஓடாது. துடுப்பை விரித்துக்கொண்டு அப்படியே நிற்கும். மெல்ல நெருங்கி, தலைக்குச் சற்றுப் பின்னால் குறிவைக்க வேண்டும். ஈட்டி தவறினால் இரண்டு நட்டம்: முனை பட்டுப் பவளம் உடையும், தப்பிய மீன் அடுத்தமுறை ஆளைக் கண்டதும் பொந்துக்குள் பதுங்கும். குத்திய மீனைக் கையால் தொடாமல், ஒருவழி மடல் வைத்த பிவிசி குழாய்க்குள் ஈட்டியோடு நுழைத்து உருவிக்கொள்வார்கள். முதுகில் 13, வயிற்றுத் துடுப்புகளில் 2, மலத்துடுப்பில் 3 என நச்சுமுள் பதினெட்டு. மீன் செத்த பிறகும் முள்ளில் நஞ்சு இருக்கும். ஆகவே கரையில் முதல் வேலை தடித்த கையுறையோடு முள்ளை வெட்டுவது. முள் ஆளைக் குத்திவிட்டால், குத்திய இடத்தைத் தாங்கக்கூடிய சூட்டில், ஏறத்தாழ 45 டிகிரி வெந்நீரில், அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் ஊறவிட வேண்டும். நஞ்சு புரதம் என்பதால் சூட்டில் சிதையும். கறியில் நஞ்சு இல்லை, முள்ளை நீக்கிவிட்டால் தின்னலாம்.

இவ்வளவு செய்தும் அந்தப் பாறையில் சில மாதங்களில் சிங்கமீன் பழையபடி நிறைந்துவிடலாம். ஒரு பெண்மீன் ஆண்டுக்கு இருபது லட்சம் முட்டை வரை இடும். முட்டை கொழகொழத்த திரளாக மிதந்து, பொரித்த இளங்குஞ்சு ஒரு மாத அளவு நீரோட்டத்தோடு போகும். பொழுதுபோக்கு முக்குளிப்பின் எல்லை 40 மீட்டர். சிங்கமீனோ 300 மீட்டர் ஆழத்திலும் இருக்கிறது. மேலே குத்தக் குத்தக் கீழிருந்தும் அக்கம்பக்கத்திலிருந்தும் வந்து நிரம்பும். அதனால் அங்கே யாரும் 'அகற்றி முடித்தோம்' என்று சொல்வதில்லை. எண்ணிக்கையை ஓர் அளவுக்குக் கீழே வைத்திருக்க, திரும்பத் திரும்ப இறங்குகிறார்கள். தமிழில் இதை 'அழித்தொழிப்பு' என்று எழுதுகிறார்கள். கட்டுக்குள் வைத்தல் என்று எழுதினால் என்ன குறை? ஆக்கிரமிப்பு என்று தொடங்கியவருக்கு அகற்றமும் ஒழிப்பும் தாமாகவே வந்து விழுகின்றன. ஒரு தவறான சொல் தன் உறவினரையும் கூட்டிக்கொண்டுதான் வரும்.

இதைவிட வருத்தமான விளைவு ஒன்று உண்டு. சிங்கமீன் நம் கடலின் மீன். மன்னார் வளைகுடாவுக்கு அது பிறந்த வீடு. இங்கே அதைத் தின்னும் உயிரும் உண்டு, அதன் குணமறிந்து ஒதுங்கும் இரையும் உண்டு. 'ஆக்கிரமிப்பு மீனான சிங்கமீன்' என்று அடைமொழியை மீனோடு ஒட்டிவிட்டால், மதுரையிலிருந்து ராமேஸ்வரம் போய் முக்குளிப்புப் பழகும் இளைஞர் அதைக் கொல்ல வேண்டிய உயிர் என்று எண்ணக்கூடும். குற்றம் இனத்தில் இல்லை, இடம் மாறியதில் இருக்கிறது. எனவே எந்தப் பெயர்ப்பிலும் 'அயல்' இருந்தே ஆக வேண்டும்.

மற்ற ஆக்கங்களையும் நிறுத்துப் பார்க்கலாம். 'ஊடுருவும் இனம்' என்பதில் ஒளிந்து நுழைவதும் துளைத்துச் செல்வதும்தான் உண்டு. எல்லைக் காவல் செய்திக்கும் புற்றுநோய் மருத்துவத்துக்கும் பொருந்தும். பட்டப்பகலில் துடுப்பு விரித்து நிற்கும் மீனுக்குப் பொருந்தாது. 'வந்தேறி' மனிதரை இழிவுசெய்யப் புழங்கிக் கறைபட்ட சொல். தக்காளியையும் சிங்கமீனையும் அது பிரிக்கவும் செய்யாது. 'படையெடுக்கும் இனம்' என்பதில் நோக்கம் இருக்கிறது. மீனுக்கு நோக்கம் கிடையாது.

வேண்டிய சொல் கண்மாய்க் கரையிலேயே கிடக்கிறது. சீமைக்கருவேலம் நிறைந்த கண்மாயைப் பார்த்து, "ஆக்கிரமிச்சிருச்சு" என்று எந்தச் சம்சாரியும் சொல்ல மாட்டார். "பூராம் மண்டிப்போச்சு" என்பார். ஆகாயத்தாமரையும் மண்டும், உன்னிச்செடியும் மண்டும். மண்டுதல் என்றால் திரளுதல், மிகுதல், நெருங்குதல். வெட்டினாலும் திரும்ப வரும் என்கிற அனுபவம் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. கருவேலத்தைத் தூரோடு பறிக்காமல் மேலே அறுத்தால் நாலு கிளை வெடிக்கும். ஆடு மாடு தின்ற நெற்றின் விதை சாணத்தோடு அடுத்த ஊருக்குப் போகும். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டு வெட்டிய இடங்களிலும் மறுபடி தழைத்தது இந்தக் காரணத்தால்தான். போர்ச்சாயல் வேண்டும் என்போருக்கும் இதில் குறையில்லை. சங்கப் பாடல்களில் 'மண்டமர்' என்றால் மூண்டெழுந்த கடும்போர்.

ஆகவே, மண்டும் அயலினம். மீனைச் சொல்ல மண்டும் அயல்மீன், செடிக்கு மண்டும் அயற்செடி. 'மண்டு' என்றால் மடையன், 'மண்டி' என்றால் வெங்காய மண்டியும் எண்ணெய்க் கசடும் நினைவுக்கு வருமே என்ற தடை நியாயமானது. அதனால்தான் 'மண்டினம்' என்று சுருக்காமல் பெயரெச்சமாகவே வைக்க வேண்டும். 'மண்டும்' என்று வந்தால் குழப்பம் வராது. அசையாத செடிக்குச் சரி, நீந்தும் மீனுக்கு ஆகுமா என்றால், கூட்டம் மண்டுகிறது, புகை மண்டுகிறது என்கிறோமே.

மன்னார் வளைகுடாவிலுள்ள குருசடைத் தீவில் இதைப் பொருத்திப் பார்க்கலாம். கரைக்காரர் 'பெப்சி பாசி' என்று அழைக்கும் அயல்நாட்டு வளர்ப்புப் பாசி (கப்பாஃபைகஸ்) அங்கே உயிருள்ள பவளத்தின் மேல் படர்ந்திருப்பது 2008ல் வெளியுலகுக்குத் தெரிந்தது. பாசியைப் பிடித்து இழுத்தால் அது துண்டுபடும். விட்டுப்போன ஒவ்வொரு துண்டும் தனிப் பாசியாக வளரும். அதனால் மூழ்கிப் பறிப்பவர்கள் துணுக்குக்கூடத் தப்பாமல் பையில் சேர்த்துக் கரைக்குக் கொண்டுவர வேண்டும். சில வாரங்கள் கழித்துத் திரும்பவும் இறங்கிப் பார்க்க வேண்டும். 'பாசி ஆக்கிரமிப்பு அகற்றம்' என்று அறிவிப்புப் பலகையில் எழுதினால், ஒருநாள் இழுத்துப் போட்டால் போதும் என்று வருகிறவர் அதைத் துண்டாக்கிப் பரப்பிவிட்டுத்தான் போவார். 'மண்டும் அயற்பாசி: துண்டு விடாமல் பறிக்கவும்' என்று எழுதலாம். அதே தீவருகே சிங்கமீன் தென்பட்டால் அதற்கு எந்த அடைமொழியும் வேண்டாம், வெறும் சிங்கமீன்.