நண்டைப் போல ஓடும் வண்டிகள்

பக்கவாட்டுக் காற்று வீசும்போது விமானி விமானத்தின் மூக்கைக் காற்றின் பக்கம் திருப்பி, சாய்வாகவே ஓடுபாதையை நெருங்குவார். அது தெரிந்தே செய்யும் திறமை. சாலையில் ஒரு காரோ லாரியோ அப்படி முகப்பு ஒரு பக்கம் திரும்பியபடி சாய்ந்து ஓடினால் அது கோளாறு. சக்கரங்களின் கோணங்களைச் சரிசெய்யும் வீல் அலைன்மென்ட் பணியில் நான் அதிகம் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். ஏனெனில், ஓட்டுபவருக்கு இது தெரிவதே இல்லை.

பெரும்பாலும் காரணம் பின்சக்கரங்கள். விபத்திலோ பெரிய பள்ளத்திலோ பின் ஆக்சில் (சக்கரங்களைத் தாங்கும் அச்சு) சற்றுத் திரும்பி, சக்கரங்கள் வலப்பக்கம் நோக்கி நின்றுவிட்டால், வண்டியின் பின்பகுதி வலப்பக்கம் ஒதுங்கும். முகப்பு இடப்பக்கம் திரும்பும். ஓட்டுநர் ஸ்டீயரிங்கைச் சிறிது வலப்பக்கம் பிடித்தபடி நேராகப் போவார். சில நாட்களில் கை அதற்குப் பழகிவிடும்.

"ஸ்டீயரிங் கோணலாக இருக்கிறது, நேராக்கிக் கொடுங்கள்" என்று வருகிறார்கள். முன்சக்கரங்களை மட்டும் திருத்தினால் ஸ்டீயரிங் நேராகிவிடும். வண்டி மட்டும் சாய்ந்தே ஓடும். இப்படி மூடி மறைக்கப்பட்ட கார்களைத்தான் பழைய வண்டி வாங்குவோர் ஏமாந்து வாங்குகிறார்கள். நான்கு சக்கரங்களையும் அளந்த அறிக்கையைக் கேளுங்கள். அதில் 'திரஸ்ட் ஆங்கிள்' என்ற அளவு, அதாவது பின்சக்கரங்கள் நோக்கும் திசை வண்டியின் நடுக்கோட்டிலிருந்து விலகும் கோணம், சுழியத்தை ஒட்டி இருக்க வேண்டும். பல சிறிய கார்களில் பின் ஆக்சிலைத் திருகித் திருத்த வழியில்லை. வளைந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஈரத்தைக் கடந்து உலர்ந்த தரையில் நேராக ஓட்டிச் சென்று, டயர் தடங்களைப் பாருங்கள். இடது, வலது சக்கரங்களுக்கு இடையே உள்ள அகலம் சில கார்களில் முன்னால் ஓர் அளவு, பின்னால் ஓர் அளவு என வேறுபடும் என்பதால் தடங்கள் ஒன்றின்மேல் ஒன்று விழாமல் போகலாம். ஆனால் அந்த விலகல் இருபுறமும் ஒரே அளவாக இருக்க வேண்டும். முன்சக்கர மையத்திலிருந்து பின்சக்கர மையம் வரை இருபுறமும் நாடாவால் அளப்பதும் உதவும். 1961-இல் வந்த ரெனோ 4 போன்ற சில கார்களில் மட்டும் இந்த நீளம் வடிவமைப்பிலேயே இருபுறமும் வேறுபட்டிருந்தது.

லாரிகளில் ஆபத்து அதிகம். பட்டை ஸ்பிரிங்கின் பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட் அறுந்தாலோ, ஸ்பிரிங்கை ஆக்சிலோடு இறுக்கும் யூ-போல்ட் தளர்ந்தாலோ ஆக்சில் ஒருபுறம் நகர்ந்துவிடும். சாய்ந்து ஓடும் நீண்ட வண்டி தன் அகலத்தைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். பக்கத்தில் வரும் இருசக்கர ஓட்டுநர் அதை எதிர்பார்க்க மாட்டார். பின்னால் வரும் வண்டிக்காரர் உங்கள் முன், பின் சக்கரங்கள் ஒரே வரிசையில் இல்லை என்று சைகை காட்டினால், ஓரமாக நிறுத்தி ஸ்பிரிங்கைப் பாருங்கள். ஆக்சில் நகர்ந்திருந்தால் பாரத்தோடு மேலே ஓட்டாதீர்கள்.