கதவில் ஒட்டிய நோட்டீஸைக் கிழிக்காதீர்கள்

போன வருடம் ஒரு லேத் பட்டறைக்காரர் என் அலுவலகத்துக்கு வந்து, சட்டைப் பையிலிருந்து நாலைந்து காகிதத் துண்டுகளை எடுத்து மேஜைமேல் வைத்தார். அவர் வீட்டுக் கதவில் வங்கி ஒட்டிவிட்டுப் போன நோட்டீஸ். மகள் பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் எடுத்துவிட வேண்டுமென்று தண்ணீர் தொட்டுத் தேங்காய் நாரால் தேய்த்திருக்கிறார். பசை விடவில்லை, காகிதம்தான் பிய்ந்தது. பிய்ந்து போன பாகத்தில்தான் தேதி இருந்தது. எனக்கு வேண்டியது அந்தத் தேதி ஒன்றுதான்.

கோவையில் கடன் வசூல் தீர்ப்பாயத்தில், டிஆர்டி என்றால்தான் பலருக்குத் தெரியும், கடன் வாங்கியவர்கள் பக்கம் நின்று வாதாடுகிறேன். என்னிடம் வருகிறவர்களுக்குப் பணத்தைவிட முதலில் கைவிட்டுப் போவது நாட்கள்தான். வெட்கத்தில் போகிற நாட்கள். தபால்காரர் கொண்டுவரும் பதிவுத் தபாலை வாங்காமல் திருப்பி அனுப்புவார்கள், வாங்கினாலும் பிரிக்காமல் பீரோ மேலே போட்டுவிடுவார்கள், மனைவிக்குச் சொல்ல மாட்டார்கள். வாங்காமல் திருப்பினாலும் கொடுத்ததாகத்தான் கணக்கு, அப்புறம் அதையே கதவில் ஒட்டுவார்கள், தெருவே பார்க்கும்.

சரி, அந்த நாட்கள் என்னென்ன என்று சொல்கிறேன். தவணை 90 நாளுக்கு மேல் நிலுவையில் நின்றால் உங்கள் கணக்கை வாராக்கடன் என்று வங்கி வகைப்படுத்தும். அதற்கு முன்னால் போய்ப் பேசினால் தவணைக் காலத்தை நீட்டிக் கொடுக்கவாவது வழி இருக்கும், பிறகு அந்தக் கதவு பாதி மூடிவிடுகிறது. அடுத்தது 2002ஆம் ஆண்டின் சர்பாசி சட்டப்படி, அதாவது அடமானம் வைத்த சொத்தை வழக்குப் போடாமலே வங்கி எடுத்து விற்க வழிசெய்யும் சட்டப்படி, 60 நாள் கெடு கொடுத்து ஒரு நோட்டீஸ். இதற்கு நீங்கள் எழுத்தில் ஆட்சேபம் கொடுக்கலாம். கொடுத்தால் 15 நாளுக்குள் வங்கி காரணத்தோடு பதில் சொல்லியாக வேண்டும். என்னிடம் வருகிறவர்களில் மிகச் சிலர்தான் இதைச் செய்திருக்கிறார்கள். வட்டிக் கணக்கில் தவறு இருந்தாலோ, கட்டிய பணம் வரவு வைக்கப்படாமல் விட்டுப்போயிருந்தாலோ, எதிர்த்து எழுத வேண்டிய இடம் அதுதான்.

60 நாளும் போனால் சுவாதீன அறிவிப்பு, அதாவது வீட்டை வங்கி தன் வசம் எடுத்துக்கொண்டது என்கிற அறிவிப்பு. கதவில் ஒட்டி, இரண்டு செய்தித்தாள்களிலும் போடுவார்கள். அதைப் பார்த்த அன்றே சட்டிபானையைக் கட்டிக்கொண்டு வாடகை வீட்டுக்குப் போன குடும்பங்களை எனக்குத் தெரியும். போக வேண்டியதில்லை. பெரும்பாலும் அது காகித அளவில் எடுத்த சுவாதீனம். ஆளோடு வந்து வீட்டைப் பூட்ட வேண்டுமென்றால் மாவட்ட ஆட்சியரிடமோ குற்றவியல் நடுவரிடமோ வங்கி உத்தரவு வாங்கி வருவதுதான் வழக்கம். இந்த நடவடிக்கையை எதிர்த்து தீர்ப்பாயத்துக்குப் போக உங்களுக்கு 45 நாள். தேதி, தேதி என்று நான் அடித்துக்கொள்வது இதற்காகத்தான். பட்டறைக்காரருக்காகப் பழைய செய்தித்தாள்களைப் புரட்டி அந்த விளம்பரத்தைக் கண்டுபிடித்தோம். அன்றைக்கு 38ஆவது நாள். நோட்டீஸ் ஒட்டினால் கிழிக்காதீர்கள், போனில் படம் எடுங்கள், யார் வந்தார்கள், எத்தனை மணிக்கு வந்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

இன்னொன்றைப் பலர் தவறாக நம்புகிறார்கள். ஏலம் நடக்கும் நாள் வரைக்கும் பணத்தைக் கட்டி வீட்டை மீட்டுக்கொள்ளலாம் என்று. 2016இல் சட்டம் மாறிவிட்டது. ஏல அறிவிப்பு வெளியாவதற்கு முன்பே முழுப் பாக்கியையும் கட்டினால்தான் அந்த உரிமை. ஊரில் மாமன் மச்சானிடம் பணம் புரட்டிக்கொண்டு ஏலத்துக்கு முந்தின நாள் ஓடி வருகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

பாக்கியில் கொஞ்சம் குறைத்துக்கொண்டு ஒரு தொகையைக் கட்டிக் கணக்கை முடிக்கிற ஒரே தவணைத் தீர்வு, அதாவது ஓடிஎஸ், உங்கள் உரிமை அல்ல, வங்கியின் விருப்பம். உச்ச நீதிமன்றமே அப்படித்தான் சொல்லியிருக்கிறது. ஆனாலும் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள். மேலாளர் வாயால் சொன்னதை நம்பியோ, வசூலுக்கு வந்தவர் கையிலோ ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். வசூலுக்கு வருகிறவர் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் போன் செய்யக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி.

கையைக் கூப்பிக் கேட்கிறேன், ஒரு தவணையை அடைக்கக் கந்துவட்டிக்குப் போகாதீர்கள். பத்து பைசா வட்டிக்கு வாங்கி வங்கிக்குக் கட்டியவர்கள் வீட்டையும் இழந்து, அந்தக் கடனையும் சுமந்துகொண்டு நிற்கிறார்கள். கட்டவே முடியாது என்று தெரிந்துவிட்டால் வீட்டை நீங்களே விற்பதுதான் நல்லது. ஏலத்தைவிட நாலு காசு கூடவே கிடைக்கும். 60 நாள் நோட்டீஸ் வந்த பிறகு வங்கியின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் விற்க முடியாது, அதனால் வாங்குகிறவரையும் கூட்டிக்கொண்டு போய்ப் பேசுங்கள். ஏலமே நடந்தாலும், கடனும் செலவும் போக மிஞ்சுகிற பணம் உங்களுக்குச் சேர வேண்டியது.

மனசு பற்றிச் சொல்ல நான் மருத்துவர் இல்லை. ஆனால் என் எதிரில் உட்காருகிறவர் நேற்று ராத்திரி தூங்கினாரா என்று எனக்குத் தெரியும். சோற்றைப் பிசைந்தபடி உட்கார்ந்திருக்கிறார், போன் அடித்தாலே உடம்பு தூக்கிப்போடுகிறது என்று மனைவிமார் சொல்லியிருக்கிறார்கள். ‘நான் இல்லாமல் போனால் இன்ஷூரன்ஸ் பணத்தில் கடன் அடையுமா சார்?’ என்று சட்டச் சந்தேகம் போலவே ஒருவர் கேட்டார். ஃபைலை மூடி வைத்துவிட்டு அவர் தம்பியை வரச்சொன்னேன். உங்கள் வீட்டில் யாராவது இப்படிக் கேட்டால் தனியே விடாதீர்கள். அரசின் உதவி எண்களான 104க்கோ 14416க்கோ போன் செய்யுங்கள், எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லையென்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்றுகூடப் பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள்.

பட்டறைக்காரர் இரண்டாவது முறை வந்தபோது மனைவியையும் கூட்டி வந்திருந்தார். அந்த அம்மாவுக்கு அவர் இன்னும் முழுத் தொகையைச் சொல்லியிருக்கவில்லை. என் முன்னால்தான் சொன்னார். அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கைப்பையிலிருந்து ஒரு பாலித்தீன் கவரை எடுத்து என்னிடம் நீட்டினார். இரண்டு வருடமாக வங்கியிலிருந்து வந்த ஒவ்வொரு கடிதமும், அவர் கசக்கிப் போட்டதுகூட, நீவி மடித்துத் தேதி வாரியாக அடுக்கியிருந்தது.