ஸ்டாக் வகுப்பில் இன்ஜின் சோதனை: எதை, எப்படி அளப்பது?

ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கத்துப் பையன்கள் தவணை கட்டி வாங்கிய 160 சிசி பைக்கை வைத்துக்கொண்டு 402 மீட்டர் நேர்கோட்டு டிராக் ரேஸ் ஓட்ட ஆசைப்பட்டால், அவர்களுக்கு உகந்தது ஸ்டாக் வகுப்புதான். கம்பெனி கொடுத்த இன்ஜின், ஓட்டுபவனின் கை, கிளட்ச் விடும் நேரம், இவ்வளவுதான் போட்டி. ஒருவர் ஹெட்டை (சிலிண்டரின் மேல்மூடி) லேத்துக்கு எடுத்துப் போய்விட்டால் மற்ற எல்லோருடைய நுழைவுக் கட்டணமும் வீண்.

"இன்ஜினில் எந்த மாற்றமும் கூடாது" என்று போட்டி நடத்துபவர்கள் ஒற்றை வரியில் விதி எழுதுவதிலிருந்துதான் தகராறு தொடங்குகிறது. தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து ஓவர்சைஸ் (சற்றுப் பெரிய) பிஸ்டன் போட்ட பைக்கும் மாற்றிய பைக்தானே? அதனால் ஒவ்வொரு விதியிலும் ஓர் எண், அதை அளக்கும் கருவி, அளக்கும் முறை மூன்றும் இருக்க வேண்டும். "அனுமதி என்று எழுதாத எதுவும் அனுமதி இல்லை" என்பதை முதல் வரியாக வையுங்கள். அமெரிக்காவின் டிராக் பந்தய அமைப்பான என்எச்ஆர்ஏவின் ஸ்டாக் வகுப்பில் கேம் லிஃப்ட் (கேம் வால்வைத் தூக்கும் உயரம்) கம்பெனி அளவிலேயே இருக்க வேண்டும். வால்வு எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்ற டியூரேஷனுக்குக் கட்டுப்பாடு இல்லை. வால்வு மூடியைக் கழற்றி டயல் கேஜ் வைத்தால் லிஃப்ட் அங்கேயே தெரிந்துவிடும். நம் ஊர்ப் போட்டிக்கும் இப்படி யோசித்து எழுதிய விதிதான் நிற்கும்.

முதலில் சிசி. அப்பாச்சி ஆர்டிஆர் 160-ன் போர் (சிலிண்டர் விட்டம்) 62 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 52.9. கணக்குப் போட்டால் 159.7 சிசி. 0.50 ஓவர்சைஸ் போட்டால் 162.3, 1.00 போட்டால் 164.9. ஆகவே வகுப்பின் மேல்வரம்பு 160 என்று எழுதினால் நியாயமாக ரீபோர் செய்தவரும் வெளியே போவார்; 165 என்று எழுதினால் உள்ளே இருப்பார். எந்த ஓவர்சைஸ் வரை செல்லும் என்பதை மாடல் வாரியாக முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள். போர் கேஜால் மேல், நடு, கீழ் என மூன்று உயரங்களில், ஒவ்வொன்றிலும் குறுக்கும் நெடுக்குமாக அளக்க வேண்டும். வெர்னியரை உள்ளே விட்டு எடுக்கும் அளவை வைத்து யாரையும் தகுதிநீக்கம் செய்யாதீர்கள். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும்: இரும்பு லைனர் 60 டிகிரி கூடுதல் சூட்டில் இருந்தாலே 62 மில்லிமீட்டர் போர் ஏறத்தாழ 0.045 மில்லிமீட்டர் விரியும். ஸ்ட்ரோக்கை ஹெட்டைக் கழற்றிவிட்டு டெப்த் கேஜால் எடுங்கள். சாய்ந்த பிளக் ஓட்டை வழியாக எடுத்தால் தப்பாகும்.

அதிகம் ஏமாற்றுவது கம்ப்ரஷனில், அதாவது பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு அழுத்துகிறது என்பதில். ஹெட்டை 0.5 மில்லிமீட்டர் ஃபேசிங் செய்தால் (அடிப்பரப்பைக் கடைந்தால்) வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் 62 போரில் எரியும் அறை சுமார் 1.5 சிசி குறைகிறது. 159.7 சிசி இன்ஜினில் 9.5-க்கு 1 என்ற விகிதத்துக்கு அறை 18.8 சிசி இருக்க வேண்டும், அது 17.3 ஆனால் விகிதம் 10.2-ஐத் தாண்டும். இதைக் கம்ப்ரஷன் கேஜின் பிஎஸ்ஐ வைத்துத் தீர்மானிக்கக் கூடாது. ஓசூர் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; சென்னையைவிடக் காற்றழுத்தம் ஏறத்தாழ 10 சதவீதம் குறைவு. ஒரே பைக் இரண்டு ஊரில் இரண்டு எண் காட்டும். கேம், பேட்டரி, ரிங் தேய்மானம் எல்லாமே அந்த எண்ணை மாற்றும்.

அறையை அளக்கப் பியூரெட்தான் (அளவுக் கோடு போட்ட கண்ணாடிக் குழாய்) சரி. பிஸ்டனை டிடிசியில் (அதன் உச்ச நிலையில்) நிறுத்தி, இரண்டு வால்வும் மூடியிருக்கின்றனவா என்று பார்த்து, பிளக் ஓட்டை மேல்நோக்கி இருக்கும்படி பைக்கைச் சாய்த்துக் கட்டுங்கள். 50 மில்லி பியூரெட்டிலிருந்து மெல்லிய எண்ணெயை மெதுவாக விடுங்கள். குமிழி தங்கினால் அறை சிறியதாகக் காட்டும். ஓட்டையின் அடி மரை வரை வந்ததும் நிறுத்தினால் அதுவே அறையின் அளவு. வாய் வரை நிரப்பினால் மரைப் பகுதியின் அளவைக் கழிக்க வேண்டும்: 12.7 மில்லிமீட்டர் நீள மரையுள்ள 10 மில்லிமீட்டர் பிளக்கில் அது சுமார் 0.9 சிசி. கழிக்க மறந்தால் 9.5 என்பது 9.1 ஆகத் தெரியும், ஏமாற்றியவர் தப்பிவிடுவார். ரிங் வழியாக எண்ணெய் இறங்கிக்கொண்டே இருந்தால் அந்த அளவை ஏற்காமல் ஹெட்டைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும்.

கேமில் ஒரு தந்திரம் உண்டு. டேப்பட் இடைவெளியை (வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே உள்ளது) அகலமாக வைத்துவிட்டால் அளக்கும்போது லிஃப்ட் குறைவாகக் காட்டும். அதனால் முதலில் இடைவெளியைப் பூஜ்யமாக்கிவிட்டு, டயல் கேஜின் முனையை வால்வு ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் ரிடெய்னர்மேல் நேராக நிறுத்துங்கள். அடிவட்டத்தை (வால்வைத் தூக்காத வட்டப் பகுதி) அரைத்துச் சிறிதாக்கிய கேமில் லிஃப்ட் கம்பெனி அளவிலேயே இருந்து டியூரேஷன் மட்டும் கூடியிருக்கலாம். கிராங்கில் டிகிரி வட்டு மாட்டி, 1 மில்லிமீட்டர் லிஃப்டில் வால்வு திறக்கும் கோணம், மூடும் கோணம் இரண்டையும் குறித்து, டீலரிடம் வாங்கிய புதுக் கேமின் அளவோடு ஒப்பிடுங்கள். ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு புதுக் கேம், பிஸ்டன், வால்வு செட் கையில் இருந்தால் பாதி வாக்குவாதம் அடங்கிவிடும்.

இன்ஜெக்ஷன் பைக்குக்கு எளிய வழி, ஈசியூக்களை (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டி) போட்டியாளர்களிடையே குலுக்கல் முறையில் மாற்றி மாட்டுவது. இன்ஜெக்டர் கனெக்டரிலிருந்து ஈசியூ வரை வயரைக் கையால் தடவிப் பாருங்கள். இடையில் செருகிய பெட்டி டேங்குக்கு அடியில்தான் ஒளிந்திருக்கும். வெப்பநிலை சென்சார் வயரில் ரெசிஸ்டர் சேர்த்திருந்தால், சென்சார் முனையிலும் ஈசியூ முனையிலும் மல்டிமீட்டர் காட்டும் ஓம் மாறுபடும்.

பெட்ரோலை அமைப்பாளரே ஒரே பெட்ரோல் பங்கில் வாங்கி எல்லோருக்கும் ஊற்றுவது நல்லது. சந்தேகம் வந்தால் 100 மில்லி அளவு ஜாடியில் 90 மில்லி பெட்ரோலும் 10 மில்லி தண்ணீரும் விட்டுக் குலுக்கி வையுங்கள். எத்தனால் தண்ணீரோடு கீழே சேரும்; இ20 (20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல்) என்றால் அடி அடுக்கு 28 மில்லிக்கு அருகில் வரும். பங்கு மாதிரியைவிடத் தெளிவாக மேலே போனால் எத்தனால் கூடுதலாகக் கலந்திருக்கிறார்கள். பக்கத்தில் நெருப்பு எதுவும் வேண்டாம்.

இதெல்லாம் வெறும் கோப்பைக்காக இல்லை. கம்ப்ரஷன் ஏற்றிய இன்ஜின் நாக் அடித்து (கலவை தானாக வெடித்து) பிஸ்டன் ஓட்டையானால், எண்ணெய் ஓடுபாதையில் கொட்டி அடுத்து வருபவனும் விழுவான். கடைந்து எடை குறைத்த மேக்னெட் (கிராங்கோடு சுற்றும் காந்தச் சக்கரம்) அதிக ஆர்பிஎம்மில் உடைந்தால் கேஸைக் கிழித்துக்கொண்டு காலுக்கு வரும். தேசிய நெடுஞ்சாலை 44-லோ தொப்பூர்க் கணவாயிலோ ஓட்டிப் பார்ப்பது சோதனை ஆகாது. பொதுச்சாலையில் பந்தயம் மோட்டார் வாகனச் சட்டம் 189-வது பிரிவின்கீழ் குற்றம்.

கடைசி ஓட்டம் முடிந்ததும் முதல் மூன்று பைக்குகளும் யார் கையும் படாமல் நேராகச் சோதனை இடத்துக்கு வர வேண்டும். அன்றே திறக்க முடியாவிட்டால், ஹெட் போல்ட்டிலும் கேஸ் போல்ட்டிலும் துளையிட்டு வயர் கோத்து ஈய முத்திரை அடித்து, எண்ணைப் பதிவேட்டில் எழுதி ஓட்டுநரிடம் கையெழுத்து வாங்குங்கள். புகார் கொடுப்பவர் முன்பணம் கட்ட வேண்டும். பைக் சுத்தமாக இருந்தால் புது கேஸ்கட்டும் கூலியும் அதிலிருந்து பைக்காரருக்குப் போகும். இன்ஜினைத் திறக்க மறுத்தால் தகுதிநீக்கம் என்பதை நுழைவுப் படிவத்திலேயே அச்சிட்டுவிடுங்கள்.