மழை நாட்டில் கரையாத மண்சுவர்

மழை கொட்டும் ஊரில் ஒரு மண்சுவர் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் எவ்வாறு நிற்கும் என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். அமெரிக்காவின் லூசியானாவில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் உள்ள டெஸ்ட்ரஹான் தோட்ட மாளிகை அதற்கு நல்ல விடை. அப்பகுதி ஸ்பெயினின் ஆட்சியில் இருந்த 1787இல், ராபின் டி லோனி என்ற தோட்ட முதலாளிக்காக இதைக் கட்டத் தொடங்கியவர் சார்ல்ஸ் பாக்கே. அடிமைத்தளையில் இல்லாத கலப்பினத் தச்சர். வீடு 1790இல் முடிந்தது. எஞ்சியிருக்கும் ஒப்பந்தத்தின்படி, அவருக்குரிய கூலியில் பணம், தானியம், பசுவும் கன்றும் ஆகியவற்றோடு ஓர் அடிமை மனிதரும் அடக்கம்.

வெள்ளத்துக்கு அஞ்சி, வசிக்கும் தளத்தைச் செங்கல் தளத்தின் மேல் உயர்த்தினார்கள். அந்த மேல்தளச் சுவர்தான் நம் விஷயம். சைப்ரஸ் மரச்சட்டங்களுக்கு இடையில் களிமண்ணையும் ஸ்பானியப் பாசியையும் பிசைந்து அடைத்தார்கள். பிரெஞ்சில் இதற்கு 'பூசியாஜ்' என்று பெயர். ஓக் மரங்களில் தாடிபோலத் தொங்கும் இந்தப் 'பாசி' உண்மையில் பாசியன்று, அன்னாசியின் உறவு. தேங்காய் மட்டையை ஊறவைப்பதுபோல இதையும் ஊறவைத்து அழுகவிட்டால், சாம்பல்நிறத் தோல் கழன்று, குதிரைமயிரைப் போன்ற கறுத்த நார் மிஞ்சும்.

அந்த நாரின் வேலை எனக்கு அலுக்காத அதிசயம். களிமண் உலரும்போது துகள்களுக்கு இடையிலிருந்த நீர் வெளியேறுவதால் மண் சுருங்குகிறது. மரச்சட்டம் அதைச் சுருங்கவிடாமல் பிடித்துக்கொள்ள, சுவருக்குள் இழுவிசை எழுகிறது. அழுத்தத்தைத் தாங்கும் மண் இழுவிசைக்குத் தாங்காது. நலிந்த ஓரிடத்தில் பிளந்துவிடும். நார் இருந்தாலோ, பிளவின் இரு கரைகளையும் பற்றிக்கொண்டு விசையைப் பக்கத்து மண்ணுக்குக் கடத்துகிறது. ஒரு பெரும் பிளவுக்குப் பதிலாக மயிரிழை விரிசல்கள் பல உண்டாகின்றன. அவற்றைச் சுண்ணாம்புப் பூச்சு மூடிவிடும். மிச்சத்தை அகன்ற தாழ்வாரமும் அதற்கு மேல் குடைபோலக் கவிந்த கூரையும் பார்த்துக்கொள்கின்றன: சாரல் சுவரை எட்டுவதில்லை.

இவ்வளவு நுட்பமும் அடிமை உழைப்பால் நடந்த தோட்டத்தைச் சேர்ந்தது. 1811இல் அப்பகுதியில் கிளர்ந்தெழுந்த அடிமைகளை விசாரித்து மரண தண்டனை விதித்த ஒரு நீதிமன்றம் கூடியதும் இவ்வீட்டில்தான்.

இருபதாம் நூற்றாண்டில் வீடு பாழடைந்து கிடந்தபோது, ஜான் லஃபீட் என்னும் கடற்கொள்ளையன் இங்கே புதையல் ஒளித்துவைத்தான் என்ற கதையை நம்பியவர்கள் சுவர்களை ஓட்டை போட்டார்கள். மழையாலும் ஈரத்தாலும் ஆகாததை ஒரு மூடநம்பிக்கை செய்தது. அவர்கள் தோண்டி வெளியே எறிந்ததென்னவோ பாசிநாரும் களிமண்ணும்தான்.